காய்ந்த தரைக்காக வாங்கிய குத்துகள்

உடம்பை வளர்க்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீரம், மானம், முன்னோர் பெருமை என்று எதையாவது அள்ளிவிட்டால் கேட்பவர்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் ஒரு மரியாதை கிடைக்கும். ஆனால் நடந்தது வேறு. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளியைத் தாண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது, பகலெல்லாம் மலையில் நின்று வேலை வாங்குவது, பின்னேரம் கொழுந்து நிறுத்துப் பேர் பதிவது, இவைதான் என் உத்தியோகம். லயம் என்கிற கூலிவரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எனக்குப் பேனாக்குச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கணக்கய்யா, முதுகுக்குப் பின்னால் பேனாக்குச்சி. ஒரு நாள் கொழுந்துக் கூடை ஒன்றைத் தராசில் மாட்டுவதற்காகத் தூக்கினேன். கூடை என்னைத் தூக்கிவிட்டது. இரண்டு பேருமாகப் போய் மண்ணில் விழுந்தோம்.

"அய்யாவையும் கூடையில போட்டு நிறுங்கடி, அப்பவும் நிறை ஏறாது" என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்த ஞாயிறே பதுளைக்கு இறங்கிப் போனேன்.

பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கடையின் பின்கட்டில் தேகப்பயிற்சிக் கூடம் ஒன்று நடத்தினார். கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு முற்றம், விலைபோகாத இரும்பு, அதைத் தூக்க வந்த நாலைந்து மடையர்கள். மாட்டு வண்டி அச்சு, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள், மதுரையிலிருந்து வரவழைத்த கர்லாக்கட்டைகள் எல்லாம் கிடந்தன. முன்கட்டில் நெடுநாள் விற்காத சாமான் எதுவும் பின்கட்டுக்கு வந்து தேகப்பயிற்சிக் கருவி ஆகிவிடும். நானா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். மார்பு அகலம், வயிறு அதைவிட அகலம். அவர் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் தூக்குவதில் குறை கண்டுபிடிப்பார்.

"தம்பி, நீங்க கையால தூக்குறீங்க. அது பிழை. காலால தூக்கோணும். மொதல்ல பூமியப் புடிச்சி நிக்கப் படிங்க. நிக்கத் தெரியாதவன் தூக்கி என்னத்துக்கு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பெரட்டுக்களத்தில் நான் நிற்காத நிலையா? ஆனாலும் நின்றேன். வண்டி அச்சைத் தோளில் வைத்து, கால்விரல்களால் மண்ணைக் கவ்விக்கொண்டு, நானா வட்டிலப்பத்தை முடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மனிதர் ரசித்து மெல்லத்தான் சாப்பிடுவார். ஞாயிறுதோறும் மாதாகோயிலில் பூசை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். சாமிக்கு முன்னால் முழங்காலில் நின்ற வலி ஆறுவதற்குள் நானாவுக்கு முன்னால் நட்டமாக நிற்க வேண்டியிருக்கும். முட்டை குடிக்கச் சொன்னார், நெய் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு கோழி, அதுவும் தன் இஷ்டத்துக்கு இடுகிற கோழி. இருந்தும் ஒரு வருசத்தில் சட்டைக் கை இறுகிவிட்டது. தோள் பக்கம் தையல் விட்டுப்போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சட்டை கிழிஞ்சிருச்சுன்னு சிரிக்கிற மனுசன நான் இப்பத்தாங்க பாக்குறேன்" என்றாள் என் மனைவி. தைத்துக் கொடுத்தவள் அவள்தான், அதனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு என்று சொல்வது என் மரியாதைக்காக. லயத்தின் கோடியில், மலைச்சரிவில் முதுகை முட்டிக்கொண்டு நின்ற ஒற்றைக் காம்பரா, அதாவது ஒரே அறை. கீழே மண், மேலே தகரம். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் கூரை வழியாக வராது, அந்தத் தகரத்துக்கு அவ்வளவு கண்ணியம் உண்டு. தண்ணீர் கீழேயிருந்து வரும். பின்னாலிருந்த மலை குடித்ததையெல்லாம் எங்கள் தரை வழியாகக் கக்கும். பாயைத் தூக்கினால் ஊற்று. அவள் சாணம் போட்டு மெழுகினாள், சாம்பல் கொட்டினாள், சாக்கு விரித்தாள். தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன், அவையும் ஊறிப் பூசணம் பூத்தன. எங்கள் முதல் குழந்தை ஒரு மார்கழியில் அந்தத் தரையில்தான் பிறந்தது. ஆண் பிள்ளை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சை இழுத்து இழுத்து, தை பிறப்பதற்குள் போய்விட்டான். வந்து பார்த்த மருந்துக்காரர் தரையைக் காட்டி 'ஈரம்' என்று ஒரே வார்த்தை சொன்னார். இந்த இடத்தில் நக்கலடிக்க என்னிடம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு என் மனைவி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஆடி மாதத்திலும் வைத்துப் பார்ப்பாள்.

இரண்டாவது முறை உண்டானபோது அவள் சொன்னாள்: "இந்தத் தரையில நான் பெத்துக்க மாட்டேங்க."

அழவில்லை, சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் பெரிய கணக்கப்பிள்ளை வேலையை விட்டு இந்தியாவுக்கே திரும்பிப் போனார். அவர் இருந்த வீடு காலியானது. கருங்கல் மேடை, மேடைமேல் பலகைத் தரை, புகைபோக்கி வைத்த அடுப்பு. துரைமார் பங்களாக்களை விட்டால் தோட்டத்திலேயே காலில் ஈரம் ஒட்டாத ஒரே வீடு. முறைப்படி அடுத்த கணக்கப்பிள்ளையான எனக்கு வர வேண்டியது. சாவி, பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னத்துரை கையில் இருந்தது. கேட்கப் போனேன். அதற்குள் அவர் அந்த வீட்டில் குடி வைத்துவிட்டார். யாரை என்று நினைக்கிறீர்கள்? மணலும் மரத்தூளும் அடைத்த ஒரு சாக்கு மூட்டையை. அது நடுக்கூடத்து வளையில் மழையில் நனையாமல் சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னத்துரை சீமையிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டையில் கெட்டிக்காரராம். இங்கே வந்த பிறகு ஆள் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தார். அடிப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, அதற்குத் தோட்டத்தில் பஞ்சமே கிடையாது. திருப்பி அடிப்பதுபோலப் பாவனை செய்யத்தான் ஆள் இல்லை. சாக்கு மூட்டையை எத்தனை நாளைக்குத்தான் ஜெயிப்பது? அவருடைய தமிழ், துரைமாருக்கென்று அச்சடித்த புத்தகத்தில் படித்த தமிழ். வா, போ, நில், எடு, கொண்டா எல்லாம் அதில் உண்டு. 'வாங்க' இருந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது போலிருக்கிறது.

"வீடு வேணுமா?" என்றார்.

"ஆமாங்க தொரை. வீட்டுல மாசமா இருக்காங்க."

அவர் என் தோளை விரலால் குத்திப் பார்த்தார். புஜத்தை அமுக்கினார். சந்தையில் மாடு பார்ப்பவர்கள் இதைவிட அதிகமாகப் பார்ப்பதில்லை. "நல்லது. நாலு மணி வா. இங்கே வா. பாக்சிங் படி. கிறிஸ்மஸ் மறுநாள் பெரிய தொரை பங்களாவிலே ஸ்போர்ட்ஸ். நீ, நான், பாக்சிங். அது முடிஞ்சு எனக்கு ரூம் வேணாம். நீ எடு."

இதைவிடச் சுருக்கமாக ஒரு குடிக்கூலி ஒப்பந்தம் பேச முடியாது. மனைவிக்கு மார்கழிக் கடைசியில்தான் நாள். கிறிஸ்மஸ் முடிந்து சாவி வந்தால் போதும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் உடம்புக்கு இரண்டு முதலாளிகள். சின்னத்துரை ஓடச் சொன்னார், கயிறு தாண்டச் சொன்னார். லயத்துச் சிறுமிகள் தாண்டுகிற அதே கயிறு. கல்யாணமான மனிதன், ஆளுக்கு ஆள் பேர் வெட்டிச் சம்பளம் பிடிக்கிற கணக்கய்யா, மீசை அதிர அதிரக் கயிறு தாண்டியதை ஜன்னல் வழியாகப் பார்க்காதவர்கள் தோட்டத்தில் யாரும் பாக்கியில்லை. உடம்பு கனக்கக் கூடாதாம், இறகாட்டம் இருக்க வேண்டுமாம்.

"நீ எருமை! கை மெல்ல மெல்ல வருது! யார் சொன்னான் இரும்பு தூக்கு?" என்று அவர் கத்துவார்.

இதைப் போய் ஞாயிற்றுக்கிழமை நானாவிடம் சொன்னால் அவருக்கு வட்டிலப்பம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். "ஓடுறீங்களா? கயிறு பாயுறீங்களா? தம்பி, நான் ஒரு வருசமாக் கட்டின செவர நீங்க ஒரே மாசத்துல ஒடச்சிப் போடப் பாக்குறீங்க. ஒங்கட ஒடம்பு ஒங்களுக்கு மட்டுமா சொந்தம்? என்ட ஒழைப்பும் அதுல ஈக்கி."

ஞாயிறு வண்டி அச்சைத் தூக்கினால் திங்கட்கிழமை கை மேலே எழும்பாது. கை எழும்பாவிட்டால் முகத்தை யார் காப்பாற்றுவது? திங்கள் முதல் சனி வரை முகத்தில் வாங்கியதில் கண் வீங்கி, ஞாயிறு அச்சு இரண்டு அச்சாகத் தெரியும். இரண்டில் ஒன்றை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். குத்தை விட்டால் வீடு போச்சு. இரும்பை விட்டால் அந்தக் குத்தை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்க உடம்பில் தெம்பு இருக்காது. சாப்பாட்டிலும் இதே இழுபறி. ராத்திரி சோறே ஆகாது, பாதி வெந்த இறைச்சி போதும் என்றார் துரை. சோற்றில் நெய்யைக் குழி வெட்டி ஊற்று என்றார் நானா.

"ரெண்டு பேரையும் வந்து சமைச்சுப் போடச் சொல்லுங்க" என்று சொல்லி என் மனைவி குரக்கன் களியைக் கிண்டித் தட்டில் வைத்தாள். அதைத்தான் தின்றேன்.

ஆனால் கையும் காலும் பட்ட பாட்டைவிட என் கண் பட்ட பாடு பெரிது. தோட்டத்தில் ஒரு வழக்கம். துரை வருகிற பாதையில் நீங்கள் எதிர்ப்பட்டால், குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, பாதையின் பள்ளப் பக்கமாக இறங்கி, தலை குனிந்து நிற்க வேண்டும். குதிரை தாண்டிப் போகும்வரை தரையைத்தான் பார்க்க வேண்டும். இதை யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே கூட வந்துவிடும். குத்துச்சண்டையிலோ முதல் பாடமே எதிராளியின் கண்ணைப் பார்ப்பதுதான்.

"பாரு! என் கண் பாரு!" என்று சின்னத்துரை கத்துவார். பார்ப்பேன். கண் தானாகக் கீழே இறங்கி அவர் சப்பாத்தில் போய் நிற்கும். உடனே ஒன்று விழும். எழுந்து மறுபடி பார்ப்பேன், இறங்கும், விழும். அந்தச் சப்பாத்தின் தையலைப் பற்றி இன்றைக்கும் என்னால் விவரமாகச் சொல்ல முடியும். ஒருவழியாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பழகிய மறுநாள் காலைப் பெரட்டில், நினைவில்லாமல் அவர் கண்ணை நேராகப் பார்த்துவிட்டேன். "என்னடா மொறைக்கிற?" என்று கூட்டத்துக்கு முன்னால் பிரம்பால் என் தலைத்துண்டைத் தட்டிவிட்டார். ஆக, காலையில் பார்த்தால் திமிர், பின்னேரம் பார்க்காவிட்டால் கோழைத்தனம். நாலு மணி அடித்த பிறகுதான் என் கண்ணுக்கு லைசென்ஸ்.

அந்த நாட்களில் அந்தப் பலகைத் தரையை அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்திருக்கிறேன், கன்னத்தால். எங்கே விழுந்தாலும் காய்ந்தே இருந்தது.

"நெசமாவா? மூலையெல்லாமுமா?" என்று கேட்பாள் என் மனைவி.

"ஜன்னல் மூலையில இன்னிக்குத்தான் விழுந்தேன். அங்கயும் காஞ்சிதான் இருக்கு."

"அந்த அடுப்படிப் பக்கம்?"

"நாளைக்கு விழுந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் சிரிப்பாள். பிறகு உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் தாடைக்கு ஒத்தடம் கொடுப்பாள். கொடுக்கும்போது சின்னத்துரையின் ஏழு தலைமுறைக்கும் அவளிடமிருந்து கிடைக்கும் மரியாதையை இங்கே எழுத முடியாது.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது துரை கடைசிப் பாடத்தைச் சொன்னார். "மூணாவது ரவுண்டு. நான் பெரிய குத்து. நீ விழு. எழும்பாதே."

இதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. பேர் வாங்கவா நான் அங்கே போனேன்? என் குழந்தைக்குக் காய்ந்த தரை வேண்டும், அதற்காகப் புல்லில் ஒரு தடவை விழ வேண்டும், அவ்வளவுதானே! விழுவதற்குத் தனியாகப் பயிற்சியும் தேவையில்லை, அதில் ஏற்கனவே எனக்கு நல்ல கை தேர்ச்சி. நானாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "விழுறதுக்கா தம்பி ஒங்களுக்கு நிக்கப் படிச்சித் தந்தேன்?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க என் பக்கமே திரும்பவில்லை.

கிறிஸ்மஸ் மறுநாள் வந்தது. மழை ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய துரை பங்களாவின் புல்தரையில் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் துரைசானிமாரும் ஒரு பக்கம் நாற்காலியில். எதிர்ப்பக்கக் கயிற்றை ஒட்டி வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் கேக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளும். லயத்துச் சனம் கீழே வடிகான் ஓரமாக நின்றார்கள். சின்னத்துரையின் பழைய காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நான் கயிற்றுக்குள் ஏறினேன். முதல் இரண்டு ரவுண்டும் ஒரு குறையும் இல்லாமல் போயின. அவர் குத்தினார், நான் வாங்கினேன். இடையிடையே அவர் மார்பில் தூசு தட்டுவதுபோல நானும் இரண்டு தட்டினேன். துரைமார் கைதட்டினார்கள்.

மூன்றாவது ரவுண்டு. விழுவதற்கு நல்ல மெத்தென்ற புல்லாகப் பார்த்து வைத்திருந்தேன். சின்னத்துரை வலது கையை நன்றாகப் பின்னால் வாங்கினார். அவர் கற்றுக்கொடுத்தபடி நானும் தலையை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன நேரத்தில், கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரிய துரைக்குத் தோன்றிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, சின்னத்துரையின் முதுகுக்குப் பின்னாலிருந்து, எனக்கு நேர் எதிரே கயிற்றை நோக்கி நடந்து வந்தார்.

பெரிய துரை வருகிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை என் உடம்பு பார்த்துக்கொண்டது. தலை குனிந்தது, கால் பள்ளப் பக்கமாக ஒரு எட்டு இறங்கியது, கையுறை போட்ட கை தலையில் இல்லாத துண்டை எடுக்கத் தலைக்குப் போனது. சின்னத்துரையின் பெரிய குத்து என் முதுகுக்கு மேலே காற்றில் போனது. குத்துக்குப் பின்னாலேயே சின்னத்துரையும் போனார். கயிற்றைத் தாண்டி, மேசை மேல், கேக்கோடும் கோப்பைகளோடும் சேர்ந்து அந்தப் பக்கம் விழுந்தார்.

முதலில் பெரிய துரைதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். துரைமார் எல்லாரும் சிரித்தார்கள், துரைசானிமார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வடிகான் ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒழுங்காகத் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"யாரு படிச்சுக் குடுத்தது இந்த வித்தை?" என்று பெரிய துரை கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

உண்மையையே சொன்னேன். "வித்தை இல்லீங்க தொரை. தொரை வந்தீங்க. வழி விட்டேன்."

அவர் அதை இங்கிலீசில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். முதல் சிரிப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. காதில் கேக்கோடு எழுந்து நின்ற சின்னத்துரையின் முகத்தில் ஈ ஆடவில்லை. என் வாழ்நாளிலேயே நான் செய்த ஆகப் பணிவான காரியம் அது. அதைத்தான் அவர், நான் திட்டமிட்டுச் செய்த நக்கல் என்று எடுத்துக்கொண்டார். நான் நக்கல் செய்த நாளிலெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் சாவி கேட்கப் போனேன்.

"எந்த வீடு?" என்றார்.

அன்றைக்கே மழையும் திரும்பி வந்துவிட்டது, விட்ட லீவுக்கும் சேர்த்து. காம்பராவுக்குள் ஊற்று எடுத்தது. அவள் நிறைமாத வயிற்றோடு கால்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். ஒரு காலையில் எழுந்து, வழக்கம்போலத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் பெரட்டுக்குப் போனேன். அன்று யாரைப் பேர் பதிந்தேன், யாரை விட்டேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்குப் பெரிய கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய் நின்றேன். சின்னத்துரை சாக்கு மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"தொரை, வீடு தர்றதாச் சொன்னீங்க."

அவர் மூட்டையை நிறுத்தினார். கையுறை ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தார். "இன்னைக்கு வழி விடாதே. அசையாதே. நில்லு."

கையுறையைப் போடாமல் ஓரமாக வைத்தேன். போட்டால் திருப்பிக் குத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கைகளைத் தொங்கவிட்டேன். நானா சொன்னமாதிரி கால்விரல்களால் பலகையைக் கவ்விப் பிடித்தேன். துரை சொன்னமாதிரி அவர் கண்ணைப் பார்த்தேன். இத்தனை மாதம் ஒன்றையொன்று கடித்துக் குதறிய இரண்டு பாடமும் அன்றைக்குத்தான் சண்டை போடாமல் ஒரே உடம்பில் இருந்தன.

அவர் குத்தினார். மார்பில், வயிற்றில், விலாவில். அங்கெல்லாம் ஒரு வருசத்து இரும்பு இருந்தது, தாங்கியது. மூக்குக்கு மட்டும் நானாவிடம் பயிற்சி எதுவும் கிடையாது. என்னவோ உடைந்த சத்தம் கேட்டது, வாய்க்குள் உப்புக் கரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எங்கள் முதல் பையன் மூச்சை இழுத்த சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த மூட்டை இங்கே நனையாமல் தொங்குகிறதே, அவன் அங்கே நனைந்தானே என்று நினைக்க நினைக்க நெஞ்சு பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"விழு!" என்றார் துரை. மூச்சு வாங்கியது அவருக்கு. "விழுடா!"

இன்னும் இரண்டு குத்தினார். அவற்றில் பலமே இல்லை. கை தானாகத் தாழ்ந்தது. நான் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சாவியக் குடுங்க தொரை, விழுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண் கீழே இறங்கி என் காலில் போய் நின்றது. சப்பாத்து இல்லாத கால், அங்கே பார்க்க எதுவும் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லால் கயிற்றை இழுத்துக் கையுறையைக் கழற்றினார். கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். நான் எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டேன்.

சொன்ன சொல் தவறக் கூடாது அல்லவா? விழுந்தேன். அவர் அதைக்கூடப் பார்க்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நடுக்கூடத்தில் அதுவரை நான் விழாத இடம் அது. அங்கேயும் காய்ந்தே இருந்தது.

எழுந்ததும் முதல் காரியமாக அந்த மூட்டையை அவிழ்த்து மழையில் கொண்டுபோய் எறிந்தேன். அந்த வளையில்தான் பிறகு மகளுக்குத் தொட்டில் கட்டினோம். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டவில்லை. அதற்கு வட்டியும் முதலுமாக இன்றைக்கும் வீட்டில் அவள் குரல்தான் பெரிது.

அன்று பின்னேரமே என் மனைவியைக் கூட்டிவந்தேன். கொட்டுகிற மழை. அவள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கால் வழுக்காமல் பாதையையே பார்த்து நடந்தாள். நான் பானைசட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் போனேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. படியேறியதும் சாக்கை வெளியே உதறிப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். நகர்ந்து போய் அடுப்படியில் வைத்தாள், கதவு மூலையில் வைத்தாள், ஜன்னல் மூலையில் வைத்தாள். நான் விழுந்து பார்த்துச் சொன்ன இடத்தையெல்லாம் ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குங்க" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பலகையில் விழுந்தது. அவசர அவசரமாக முந்தானையால் துடைத்தாள்.

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள், மூக்கிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள், அது சொட்டுகிற இடத்தைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள் அழுதுகொண்டே. "வெளிய போயி நில்லுங்க. தரை நனையுது."

போய் வாசலில் மழையில் நின்றேன்.